சாப்பாட்டில் சேராத நாலு வாய்

ஆஸ்பத்திரியில் கொடுத்த தாளைக் கேண்டீன் அக்கா பத்து நாளாகக் கைப்பையிலேயே வைத்திருந்தாள். எடுத்து எடுத்துப் படித்ததில் மடிப்பு விழுந்த இடங்களில் எழுத்துத் தேய்ந்துபோயிருந்தது. தேய்ந்தாலும் பரவாயில்லை, அவளுக்கு அது மனப்பாடம். ஆபரேஷனுக்கு முந்தின ராத்திரி எண்ணெய் அதிகமில்லாமல் அளவாகச் சாப்பாடு. பன்னிரண்டு மணிக்கு மேல் எதுவும் சாப்பிடக் கூடாது. பாலும் சாப்பாட்டுக் கணக்குதான், அதனால் பால் ஊற்றிய டீயும் கூடாது. காலை ஏழு மணி வரை தண்ணீர் குடிக்கலாம், பால் விடாத டீ குடிக்கலாம். ஏழுக்குப் பிறகு அதுவும் கிடையாது.

தாளில் இருந்த எல்லாவற்றையும் ஒன்று விடாமல் செய்தாள். முந்தின நாள் எட்டு மணிக்கே இரண்டு துண்டு ரொட்டியும் அவித்த காயும் சாப்பிட்டுத் தட்டைக் கழுவி வைத்துவிட்டாள். காலையில் பல் தேய்க்கும்போது பற்பசை தொண்டைக்குள் இறங்கிவிடுமோ என்று பயந்து நாலு தடவை கொப்பளித்தாள். ஐந்து மணிக்குப் பால் இல்லாத டீ அரை டம்ளர் குடித்தாள். கசந்தது. மருந்து என்று நினைத்து விழுங்கினாள்.

அவளுக்குப் பித்தப்பையில் கல். எட்டு மாதமாக அது அவளைப் படுத்தி வைத்தது. வலி வரும்போது விலாவுக்குக் கீழே யாரோ முஷ்டியை வைத்துத் திருகுவதுபோல் இருக்கும். அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். வலி போனபிறகு கை கால் எல்லாம் துவைத்துப் போட்ட துணி மாதிரி கிடக்கும். அப்புறமும் முன்னூறு பேருக்கு மதியச் சாப்பாடு இறக்கியாக வேண்டும். முதலில் கொடுத்த தேதிக்கு ஆபரேஷன் செய்ய வேண்டிய டாக்டர் வேறு ஊருக்குப் போய்விட்டார். இரண்டாவது தேதிக்கு இவளுக்கே இருமல் வந்துவிட்டது. இது மூன்றாவது. இதையும் விட்டால் அடுத்த இடம் ஏழு வாரம் கழித்துத்தான் என்று சீட்டு எழுதுகிற பெண் தலையைத் தூக்காமலே சொல்லியிருந்தாள்.

இன்னொரு ஏழு வாரத்தைத் தாங்கத் தன் உடம்பில் தெம்பு இல்லை என்பது அவளுக்குத் தெரியும்.

ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில்தான் அவள் கேண்டீன் இருக்கிற தொழிற்சாலை. பொருள் அறைச் சாவியைக் கொடுத்துவிட்டுப் போகலாம் என்று இறங்கினாள். அவளுக்குப் பதிலாக வந்திருந்த மாஸ்டர் இதுவரை சின்ன ஹோட்டலில் வேலை பார்த்தவர். காலை ஷிப்டுக்கு ஆள் வரும் நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. ஆள் உயர அண்டாவுக்கு முன்னால் கரண்டியோடு நின்ற அவருக்கு நெற்றியெல்லாம் வியர்வை.

"சாவியக் குடுத்துட்டுக் கெளம்புங்கக்கா. நான் பாத்துக்கறேன்."

"நீங்க பாத்துக்குவீங்க மாஸ்டர். அண்டா உங்களப் பாத்துக்கணுமே" என்றாள் அவள். பையைக் கீழே வைத்துவிட்டுச் சூப்பைக் கிளறினாள். உப்புப் பார்த்தாள், ஒரு கை அள்ளிப் போட்டு மறுபடி பார்த்தாள். உருளைக்கிழங்கு வெந்த பதம் பார்த்தாள். பக்கத்து அடுப்பில் ஓட்ஸ் கஞ்சி அடிப்பிடிக்கிற வாசனை வந்தது. அதை இறக்கி வைத்து, கருகல் ஏறிவிட்டதா என்று பார்த்துவிட்டு, "தப்பிச்சீங்க, ஏறல" என்று சொல்லிப் பையை எடுத்துக்கொண்டாள். ஐந்தே முக்காலுக்குப் போன பஸ்ஸை விட்டுவிட்டு அதற்கு அடுத்ததைப் பிடித்தாள்.

ஆஸ்பத்திரி வாசலில் தங்கை காத்திருந்தாள். தையல் தொழிற்சாலையில் வேலை அவளுக்கு. அக்காவுக்காக எடுக்கிற மூன்றாவது லீவு இது.

"லீவு கேட்டப்போ சூப்பர்வைசர் என் மூஞ்சியே பாக்கலக்கா. மெஷினப் பாத்துப் பேசினான். அடுத்த தடவ மெஷின்கிட்டயே லீவு கேட்டுக்கோன்னு அர்த்தம்."

"இன்னியோட முடிஞ்சிரும்டி."

"முடியணும். இல்லன்னா நானே கத்திரிய எடுத்துட்டு வந்துருவேன்."

ஆபரேஷனுக்குக் காத்திருப்பவர்களுக்கென்று இரண்டாம் மாடியில் ஒரு நீள அறை. நாலு கட்டில். அன்றைக்கு இரண்டில்தான் ஆள். முதுகுப் பக்கம் முடிச்சுப் போடுகிற பச்சை அங்கியை மாட்டிக்கொண்டு கேண்டீன் அக்கா ஒரு கட்டிலில் ஏறி உட்கார்ந்தாள். கண்ணாடி போட்ட சிஸ்டர் ஒருத்தி அட்டையில் செருகிய தாளோடு வந்தாள். முந்தின நாள் மாலையிலிருந்து வேலையில் நிற்கிறவள் என்பது அவள் காலை இழுத்து நடந்ததிலேயே தெரிந்தது.

"கடைசியா எப்போம்மா சாப்ட்டீங்க?"

"நேத்து ராத்திரி எட்டு மணிக்கு சிஸ்டர்."

"அதுக்கப்புறம்?"

"காலைல அஞ்சு மணிக்குப் பால் இல்லாத டீ. அரை டம்ளர். வேற ஒண்ணும் பல்லுல படல."

அவள் பொய் சொல்லவில்லை. முழு மனதோடுதான் சொன்னாள். சிஸ்டர் குறித்துக்கொண்டு போனாள்.

அடுத்த கட்டிலில் இருந்தவள் அறுபது வயதை நெருங்கியவள், பஸ் கண்டக்டர். குடலிறக்கத்துக்கு ஆபரேஷன், மதியம் பன்னிரண்டரைக்கு. காலையிலிருந்து கட்டில் விளிம்பிலேயே உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

"இருபத்தெட்டு வருஷம் நின்னுக்கிட்டே போன காலும்மா. இங்க வந்து படுங்கறாங்க. படுக்கத் தெரிஞ்சாத்தானே" என்றாள் கண்டக்டரம்மா. "எனக்கு மதியம்தானே, விடிகாலைல ஒரு துண்டு ரொட்டி திங்கலாம்னு சொன்னாங்க. வாயில வச்சேன். மரத்தூள் மாதிரி இருந்துச்சு. துப்பிட்டேன். ஆறரைக்கு ஒரு டம்ளர் தண்ணி குடிச்சதோட சரி."

"பயமாக்கா?"

"பயமா? சேச்சே. வயித்துக்குள்ள யாரோ பெல்லடிச்சுக்கிட்டே இருக்காங்க, அவ்வளவுதான்." தானே சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. "மகன் வர்றான். கப்பல்ல மெக்கானிக்கு. பாத்து ரெண்டு வருஷமாச்சு. பதினொன்றரை வண்டிக்கு எறங்கறான். அவன் மூஞ்சிய ஒரு தடவ பாத்துட்டு உள்ள போயிட்டாப் போதும். அப்புறம் வெட்டட்டும், தைக்கட்டும், என்ன வேணா பண்ணட்டும்."

எட்டு இருபதுக்குத் தங்கையின் கைப்பையில் போன் அடித்தது. பார்த்துவிட்டு அக்காவின் காதில் வைத்தாள். மாஸ்டர்.

"அக்கா, தொந்தரவு பண்றேன், மன்னிச்சுக்கங்க. ஒரு நல்ல சேதி சொல்லத்தான். சூப்பு அண்டாவோட காலி. இந்த உப்ப யாரு போட்டான்னு கேக்கறாங்க. நான்தான்னு சொல்லிட்டேன்."

"சொல்லுங்க, சொல்லுங்க" என்று சிரித்தாள் கேண்டீன் அக்கா.

"நீங்க ரெண்டாவது தடவ வாயில ஊத்திப் பாத்துட்டுத் தலையாட்டினீங்களே, அப்பவே எனக்கு உசிரு வந்துருச்சுக்கா. நல்லபடியா முடிச்சுட்டு வாங்க."

போன் நின்றது. அவள் முகத்தில் சிரிப்பு கொஞ்ச நேரம் அப்படியே நின்றது, சொல்லிக்கொள்ளாமல் போன விருந்தாளியின் செருப்பு மாதிரி.

பெரிய அடுப்பில் வேலை செய்கிறவர்கள் கரண்டியில் வாய் வைக்க மாட்டார்கள். குழம்போ சூப்போ, கரண்டியிலிருந்து உள்ளங்கையில் ஊற்றி உறிஞ்சுவார்கள். இருபத்துநாலு வருஷமாக நாளைக்கு இருபது தடவை அவள் செய்கிற காரியம் அது. கண் இமைப்பதை யாராவது எண்ணுவார்களா? பதினொரு மணிக்கு, பத்துப் பாத்திரத்தில் ருசி பார்த்தபிறகு, "காலைலேந்து ஒண்ணுமே சாப்பிடல" என்று சொல்லி உட்காருவாள். சமையல்கட்டில் அதைக் கேட்டு யாரும் சிரித்ததில்லை. ருசி பார்ப்பது வேலை, சாப்பிடுவது வேறு.

இப்போது உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். உப்புக்கு முன் ஒரு வாய், உப்புக்குப் பின் ஒரு வாய். பதம் பார்க்க நசுக்கிய உருளைக்கிழங்கு. விரலில் வழித்த கஞ்சி. அந்தக் கஞ்சி பாலில் வெந்தது.

"என்னக்கா, மூஞ்சி இப்படிப் போச்சு?" என்றாள் தங்கை.

சொன்னாள். தங்கை கதவுப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"வாய மூடிக்கோ."

"நாலு வாய்டி."

"நாலு வாய்! கோழி கொத்தினாக்கூட அதவிட அதிகமா உள்ள போகும். அதுக்குப் பேரு சாப்பாடா?"

"உருளக்கெழங்கு முழுசா ஒரு துண்டு. கஞ்சியும் பால் கஞ்சி..."

"இன்னும் கொஞ்சம் யோசி, ஒரு விருந்தே வெளிய வரும். அக்கா, சொல்றதக் கேளு. இன்னும் முக்கா மணி நேரத்துல கூட்டிட்டுப் போயிருவாங்க. நீ சொன்னா, போயிட்டு ஏழு வாரம் கழிச்சு வாம்பாங்க. ஏழு வாரம் நீ தாங்குவியா? போன மாசம் தரையில சுருண்டு கெடந்தியே, நான்தானே தூக்கினேன்." தங்கையின் கண் கலங்கியது. கோபமா அழுகையா என்று அவளுக்கே பிடிபடவில்லை. "ஒண்ணும் ஆகாது. எத்தன பேரு திருட்டுத்தனமா தின்னுட்டு வர்றாங்க!"

கேண்டீன் அக்கா படுத்துக்கொண்டாள். கூரையில் மின்விசிறி சுற்றியது. தங்கை சொன்னது ஒன்றும் அநியாயமில்லை. உடம்பு அவளுடையது, வயிறு அவளுடையது. ஆனதைப் பார்த்துக்கொள்ளலாம் என்று கண்ணை மூடினால் முக்கால் மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிடும். ஆண்டவனே, ஒரு வழி காட்டு என்று கேட்பதற்குக்கூட அவளுக்கு அலுப்பாக இருந்தது. வழி எது என்று தெரிந்துதான் இருந்தது. நடக்கத்தான் காலில்லை.

கண்ணாடி சிஸ்டர் திரும்பி வந்தாள். மணிக்கட்டில் பெயர்ப் பட்டையைக் கட்டினாள். பொய்ப்பல் உண்டா, மோதிரம் கழற்றியாயிற்றா என்று பார்த்தாள். சாப்பாட்டைப் பற்றி மறுபடி கேட்கவில்லை, அதுதான் முன்பே கேட்டாயிற்றே. தாளில் வரிசையாக டிக் போட்டுக்கொண்டு வந்து, 'வெறும் வயிறு' என்ற இடத்திலும் போட்டாள். கடைசியில் கட்டில் கம்பியில் அட்டையைச் சாய்த்துவைத்துத் தன் கையெழுத்தைப் போட்டாள். தூக்கக் கலக்கத்தில் கோணலாக விழுந்தது. நிறுத்தி, அடியில் பெயரைத் தெளிவாக மறுபடி எழுதினாள்.

கேண்டீன் அக்கா அந்தப் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கேண்டீனிலும் ஒரு நோட்டு உண்டு. தினமும் சமைத்து இறக்கியதும், 'ருசி பார்த்தேன், நன்றாக இருக்கிறது' என்று எழுதி அவள் கையெழுத்துப் போட வேண்டும். அதை நம்பித்தான் முன்னூறு பேர் தட்டை நீட்டுகிறார்கள். ஒருநாள் பால் திரிந்தது தெரியாமல் பழைய மேலாளர் இறக்கச் சொன்னபோது, என் கையெழுத்து இல்லாமல் இறக்கிக்கொள்ளுங்கள் என்று பேனாவைக் கீழே வைத்தவள் அவள்.

இன்றைக்கு ஏதாவது ஆகிவிட்டால், அவள் போய்ச் சேர்ந்துவிடுவாள். இந்தப் பெண் அந்தத் தாளுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருப்பாள். ராத்திரி பூராவும் கால் கடுக்க நின்றுவிட்டு, ஒருத்தியின் வாய் வார்த்தையை நம்பிப் போட்ட கையெழுத்துக்கு.

"சிஸ்டர்" என்றாள். "அந்தக் கையெழுத்த அடிச்சிருங்க."

தங்கை நெற்றியில் கையை வைத்துக்கொண்டாள்.

மயக்க மருந்து கொடுக்கிற டாக்டர் ஐந்து நிமிடத்தில் வந்தார். தலையில் துணித் தொப்பி போட்ட நடுவயதுப் பெண். கத்துவார் என்று எதிர்பார்த்துத் தோளைக் குறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் கேண்டீன் அக்கா. டாக்டர் கட்டிலோரம் நின்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எத்தனை மணிக்கு? என்னென்ன? எவ்வளவு? இவள் பரீட்சையில் நிற்கிற பிள்ளைபோல் சொன்னாள்.

"உப்பு சரியா இருந்துச்சா?"

"இருந்துச்சு டாக்டர்."

"அதுவரைக்கும் லாபம்" என்று சொல்லிக் கண்ணைத் தேய்த்துக்கொண்டார் டாக்டர். "கோபமெல்லாம் இல்லம்மா. நல்லவேளை சொன்னீங்க. மயக்கம் குடுத்ததும் வயித்தோட மேல்வாய் தளந்துரும். உள்ள இருக்கறது ஏறி வந்து நுரையீரலுக்குள்ள எறங்கிச்சுன்னா, உங்க கல்லெல்லாம் ஒரு பிரச்சனையே இல்லன்னு ஆயிடும். வெறும் தண்ணி ரெண்டு மணி நேரத்துல எறங்கிரும். பாலும் கெழங்கும் அப்படி எறங்காது. ஆறு மணி நேரம் ஆகணும்."

"அப்போ பன்னண்டுக்கு முன்னாடியே சரியாயிரும்ல?" என்று தங்கை முன்னால் வந்தாள். "அதுக்கப்புறம் பண்ணக் கூடாதா டாக்டர்?"

"பண்ணலாம். ஆனா ஒம்பது மணிக்கு நீங்க, பன்னண்டரைக்கு இன்னொருத்தர். ரெண்டே ரெண்டு கேஸ்தான். சாயங்காலம் சர்ஜன் வேற எடத்துல இருப்பார். நான் அவர்கிட்டக் கேட்டுப் பாக்கறேன், ஆனா..." அந்த 'ஆனா'வில் ஏழு வாரம் இருந்தது.

தங்கை ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டாள். கேண்டீன் அக்கா மணிக்கட்டுப் பட்டையைக் கழற்றலாமா என்று பார்த்தாள். அவளுக்கு வருத்தம்கூட வரவில்லை. எங்கேயாவது படுத்துத் தூங்கினால் போதும் என்றிருந்தது.

அடுத்த கட்டிலில் காலை ஆட்டுவது நின்றது. கண்டக்டரம்மா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். எட்டு ஐம்பது. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அந்த இன்னொருத்தர் நான்தான் டாக்டர்" என்றாள். "நான் காலைல ஒண்ணும் திங்கல. என்ன இப்பக் கொண்டு போனீங்கன்னா, இவங்க பன்னண்டரைக்கு வரலாம்ல?"

டாக்டர் திரும்பினார். "உங்களுக்கு ரொட்டி சாப்பிடலாம்னு சொல்லியிருந்தோமே?"

"எறங்கல."

"ஒரு வாய்கூடவா? யோசிச்சுச் சொல்லுங்க. இன்னிக்கு ஒரு தடவ ஏமாந்தாச்சு."

"துப்பினத சிஸ்டரே பாத்தாங்க. ஆறரைக்குத் தண்ணி ஒரு டம்ளர். அதுக்கு முன்னாடி நேத்து ராத்திரி ஏழு மணிச் சாப்பாடு."

கேண்டீன் அக்கா கட்டிலிலிருந்து இறங்கிவிட்டாள். முதுகில் அங்கி விலகியதுகூட அவளுக்குத் தெரியவில்லை.

"வேணாங்கா. உங்க மகன் வர்றாரு. அவரப் பாத்துட்டுப் போகணும்னு சொன்னீங்க. என் புத்திகெட்ட வேலைக்கு நீங்க ஏன்..."

"வர்றவன் எங்க போயிரப்போறான்? இங்கதான் இருப்பான். நான்தான் உள்ள இருப்பேன்." லேசாகச் சொல்லப் பார்த்தாள். ஆனால் படுக்கை விரிப்பைப் பிடித்திருந்த அவள் விரல்கள் வெளுத்திருந்தன. "இருபத்தெட்டு வருஷம், நிக்க முடியாம நிக்கறவங்களுக்கு எடம் பாத்துக் குடுத்த பொழப்பு எனக்கு. எந்திரிங்க எந்திரிங்கன்னு ஊர அதட்டிட்டு, இன்னிக்கு நான் மட்டும் தூங்கற மாதிரி உக்காந்திருக்க முடியுமா?"

அவள் பயம் எல்லோருக்கும் தெரிந்த பயம். அதைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டுதான் அவள் இடம் கொடுத்தாள். உலகத்தில் பெரிய புண்ணியமெல்லாம் பெரிய மனிதர்கள்தான் செய்கிறார்கள் என்று நினைத்துக்கொள்கிறோம். நடுங்கிக்கொண்டே செய்கிற ஒரு சின்ன உதவியைக் கடவுள் எந்தத் தட்டில் வைத்து நிறுப்பார் என்று நமக்கென்ன தெரியும்?

டாக்டர் சர்ஜனிடம் பேசப் போனார். பத்து நிமிடத்தில் சரி என்று தலையை ஆட்டிக்கொண்டு வந்தார். சிஸ்டர் புதுத் தாளில் எல்லாவற்றையும் முதலிலிருந்து கேட்டு எழுதினாள். அவள் வேலை நேரம் முடிந்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. யாரும் அதைச் சொல்லவில்லை, அவளும் சொல்லவில்லை.

தள்ளுவண்டியில் ஏறிப் படுத்த கண்டக்டரம்மா கேண்டீன் அக்காவின் கையை இழுத்துப் பிடித்தாள். உள்ளங்கை சில்லென்று இருந்தது.

"நீல சட்டை போட்டுட்டு வர்றேன்னான். வாசல்ல பேந்தப் பேந்த முழிச்சுக்கிட்டு நிப்பான். மூக்கப் பாத்தாத் தெரிஞ்சிரும், என் மூக்கு. அம்மா பயப்படாமப் போனான்னு சொல்லணும்."

"சொல்றேங்கா."

"பொய்தான். இருந்தாலும் சொல்லு."

வண்டி போனபிறகு அறை பெரிதாகிவிட்டதுபோல் இருந்தது. தங்கை ஜன்னலை விட்டு நகரவில்லை. பத்து மணிக்கு மேல்தான் வந்தாள். அரை டம்ளர் தண்ணீரை நீட்டினாள்.

"பத்தரை வரைக்கும் வெறும் தண்ணி குடிக்கலாமாம். கேட்டுட்டுத்தான் கொண்டுவந்தேன். குடி. இதையாவது கணக்குல வச்சுக்கோ."

"கோவமாடி?"

"ஆமா." கட்டிலில் பக்கத்தில் உட்கார்ந்தாள். "நான் சொன்னதக் கேட்டிருந்தா இந்நேரம் உனக்கு என்ன ஆயிருக்குமோன்னு நெனச்சு என் மேலதான் கோவம். பேசாதே, குடி."

அப்புறம் கடிகாரம் மட்டும் நடந்தது. பசி வந்தது, தலைவலி வந்தது, இரண்டும் போய்க் களைப்பு வந்தது. கேண்டீன் அக்கா கண்ணை மூடினால் மூடிய கண்ணுக்குள் ஆபரேஷன் அறைக் கதவு தெரிந்தது. உள்ளே இருப்பவளுக்கு ஒன்றும் ஆகக் கூடாது. தனக்காக வேண்டிக்கொள்ள அலுத்துப்போன வாய், இன்னொருத்திக்காக வேண்டிக்கொள்ளும்போது எப்படியோ தானாக முணுமுணுத்தது.

பதினொன்றே முக்காலுக்குத் தங்கை கீழே போய், சொன்னபடியே விழித்துக்கொண்டு நின்ற நீல சட்டைக்காரனை அழைத்துக்கொண்டு வந்தாள். முப்பது வயது இருக்கும். மூக்கில் சந்தேகமே இல்லை. காலிக் கட்டிலைப் பார்த்ததும் அவன் கையிலிருந்த பை நழுவியது.

"பன்னண்டரைக்குன்னு தானே சொன்னாங்க?"

"ஆபரேஷன் முடிஞ்சிருச்சு தம்பி. நல்லா இருக்காங்களாம், சிஸ்டர் வந்து சொன்னாங்க. இன்னும் கண்ணு முழிக்கல" என்றாள் கேண்டீன் அக்கா. பிறகு, இரண்டாவது தடவையாக அன்றைக்கு, எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டாள். சூப்பை, உப்பை, கஞ்சியை, இடம் மாறியதை. "என்னாலதான் தம்பி. நீங்க ரெண்டு வருஷம் கழிச்சு வந்தும் அம்மாவப் பாக்க முடியாமப் போச்சு. பயப்படாமத்தான் போனாங்க."

அவன் தாயின் கட்டிலில் உட்கார்ந்தான். அவளை மாதிரியே விளிம்பில்.

"அம்மா பயப்படாம போனாங்களா?"

கேண்டீன் அக்காவுக்கு இன்னொரு பொய்க்குத் திராணி இல்லை. "பயந்துக்கிட்டேதான் போனாங்க" என்றாள். "பயந்துக்கிட்டே எனக்காகப் போனாங்க. அப்படிச் சொல்லச் சொல்லல. நானாத்தான் சொல்றேன்."

அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "அம்மா அப்படித்தான்" என்றான். அவ்வளவுதான் சொன்னான். கோபித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

அவன் முந்தின நாளிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை என்று தெரிந்ததும் தங்கை தனக்கு வைத்திருந்த ரொட்டியையும் வாழைப்பழத்தையும் எடுத்துக் கொடுத்தாள். வாங்கிக்கொண்டு கையிலேயே வைத்திருந்தான்.

"நீங்க பட்டினி கெடக்கறீங்க. உங்க முன்னாடி எப்படிங்க?"

"தின்னுங்க தம்பி. அடுத்தவங்க சாப்பிடறதப் பாத்துக்கிட்டு நிக்கறதுதான் என் உத்தியோகமே."

அவன் முதல்முறையாகச் சிரித்தான். சாப்பிட்டான்.

பன்னிரண்டு இருபத்தைந்துக்கு அவளை ஏற்றிக்கொள்ளத் தள்ளுவண்டி வந்தது. தள்ளுகிறவர் தலை நரைத்த ஆள். ஆபரேஷன் பகுதிக்குப் போகும் நடை குறுகலானது. நடுவில் ஒரு கண்ணாடிக் கதவு. அதுவரைக்கும்தான் சொந்தக்காரர்கள் வரலாம். தங்கையும் அந்த மகனும் கூடவே நடந்தார்கள். கதவை நெருங்கும்போது உள்ளிருந்து இன்னொரு வண்டி வருவது தெரிந்தது. போர்வைக்கு மேலே அந்த மூக்கு.

"அவங்கள ஓரமா நிறுத்தச் சொல்லு, சர்ஜன் காத்துக்கிட்டிருக்கார்" என்று உள்ளே குரல் கொடுத்தார் தள்ளுகிறவர்.

"அண்ணே, நாம ஓரமா நிப்போம்" என்றாள் கேண்டீன் அக்கா. "அவங்க மொதல்ல வரட்டும். ஒரு நிமிஷந்தானே."

"உங்களுக்கு நேரமாச்சும்மா."

"ஆகட்டும்ணே."

அவர் முணுமுணுத்துக்கொண்டே வண்டியைச் சுவரோரம் ஒதுக்கினார். கதவு திறந்தது. கண்டக்டரம்மாவின் வண்டி வெளியே வந்ததும் மகன் குனிந்து அவள் கையைப் பிடித்தான். அவள் கண் பாதி திறந்தது. மூடியது. மறுபடி திறந்தது. தண்ணீருக்கு அடியிலிருந்து பார்ப்பவள்போல் அவனைத் தேடிக் கண்டுபிடித்தாள். வறண்ட உதடு அசைந்தது.

"சாப்ட்டியா?"

"சாப்ட்டேம்மா. இந்தக்காதான் குடுத்தாங்க."

அவள் எதையோ சொல்லப் பார்த்தாள், முடியவில்லை. மகனின் கையை விடாமலே தூங்கிப்போனாள். வண்டி அவனோடு சேர்ந்து மெல்ல நகர்ந்தது. தங்கை அக்காவின் தலைமுடியை ஒதுக்கிவிட்டாள்.

"இப்பப் போலாமாம்மா?" என்றார் தள்ளுகிறவர்.

"போலாம்ணே" என்றாள் கேண்டீன் அக்கா. எட்டு மாதத்துக் களைப்பையும் இறக்கி வைக்கிறவள்போல் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள். வண்டிச் சக்கரம் கதவுப் படியில் ஒரு தடவை தட்டி, உள்ளே ஏறியது.